முதலில் எர்த், அப்புறம் டைல்ஸ்!
(பாத்ரூமைப் புதுப்பிக்கும் வேலையில் நமக்கு ஒரு பாடம்)



ஒரு வீட்டில் ரொம்பச் சின்ன அறை எது என்று கேட்டால் பாத்ரூம் என்று உடனே சொல்லி விடுவோம். ஆபத்து அதிகம் உள்ள அறை எது என்று கேட்டாலும் பதில் அதுதான். தண்ணீர், மின்சாரம், வெறுங்கால், ஈர உடம்பு ஆகிய நான்கும் அங்கேதான் தினமும் ஒன்று சேருகின்றன.

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். நம் வகுப்பில் பலரும் இப்படித்தான். "தம்பி டிப்ளமா படிக்குது, அதுக்குத் தெரியும்" என்று தெருவில் ஒரு பேச்சு வந்து விட்டால் போதும், ஃபேன் ஓடாததில் இருந்து கீசர் மாட்டுவது வரை நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நம்மை நம்பிக் கூப்பிடுகிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் நாளைக்கு நிற்கப் போகிறார்கள். ஆகவே 7 அடிக்கு 5 அடி உள்ள ஒரு பழைய பாத்ரூமை எடுத்துக்கொண்டு, எந்த வேலை முன்னே, எந்த வேலை பின்னே, எதை நாமே செய்யலாம் என்று பார்ப்போம்.

1. டைல்ஸ் ஏன் கடைசியில்?

புதுப்பிக்கலாம் என்று பேச்சு வந்ததுமே எல்லோரும் டைல்ஸ் கலரைத்தான் பார்க்கப் போவார்கள். ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எர்த் ஒயர் விட்டுப் போயிருந்தால் அதை அப்புறம் யாரும் உடைத்துப் போட மாட்டார்கள். எனவே வரிசை இதுதான்: மெயினை அணைத்துவிட்டுப் பழைய தரையை உடைத்தல், தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும், சுவரில் காடி வெட்டி ஒயரிங் பைப் பதித்தல், எர்த்தோடு சேர்த்து ஒயர் இழுத்தல், பூச்சு, வாட்டர் ப்ரூஃப், தண்ணீர் தேக்கிச் சோதனை, தரைச் சரிவு, டைல்ஸ். ஸ்விட்சும் கீசரும் கடைசி. உடைக்கும்போது மெயினை அணைக்கச் சொல்வது ஏனென்றால், பழைய ஒயர் சுவருக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது.

2. ஒரு சின்னக் கணக்கு

ஓம் விதி நமக்கெல்லாம் மனப்பாடம். அதை வீட்டில் போட்டுப் பாருங்கள். ஈரமான உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதுவே தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதுபாட்டுக்கு ஆனிலேயே இருக்கும். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிறதே ஒழிய மனிதனை இல்லை.

"அதான் எர்த் போட்டாச்சே" என்பீர்கள். சரி, வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைப்போம். கீசரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். அப்போதும் 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது! கீசரின் உடம்பு கரண்டோடேயே நிற்கும்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 வினாடிக்குள் துண்டித்து விடும். கசிவு அதிகமானால் இன்னும் வேகமாக விழும். எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், ஒரு ஆள் தொட்ட பிறகுதான் அது விழும். எர்த்தும் இருந்தால் கசிந்த உடனே, யாரும் தொடும் முன்பே விழும். ஆகவே இரண்டும் வேண்டும். எம்.சி.பி.யும் கூடவே வேண்டும், ஏனென்றால் ஓவர்லோடை ஆர்.சி.சி.பி. பார்க்காது. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.

3. கீசர் லைன்

2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்குத் தாங்காது. டி.பி.யில் இருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட், பச்சை நிற எர்த் ஒயர் என்று போட வேண்டும். ஸ்விட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். சாக்கெட் ஷவர் தண்ணீர் படாத உயரத்தில் இருக்கட்டும்.

சில இடங்களில் எர்த் ஒயர் இல்லை என்று நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு துண்டு ஒயரால் இணைத்து விடுவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தத் துண்டு ஒயர் வழியாகவே கீசரின் உடம்புக்குக் கரண்ட் வந்து விடும். இதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டெஸ்டர் எரிந்தால் ஃபேஸ் இருக்கிறது என்று அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் டி.பி.யின் எர்த் முனைக்கும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்க்க வேண்டும். குழியின் தடையை அளக்க, நம் லேபில் பார்த்த எர்த் டெஸ்டர்தான் வேண்டும்.

4. தரை

தரைக்கு உயிர் சரிவுதான். அடிக்கு 1/8 அங்குலம் முதல் 1/4 அங்குலம் வரை நஹானி டிராப் பக்கம் வாட்டம் கொடுக்க வேண்டும். டிராப் 6 அடி தள்ளி இருந்தால், 1/4 அங்குலக் கணக்கில் மொத்தம் ஒன்றரை அங்குலம். நாம் ஃபார்முலாவில் படிக்கிற திரவ மட்டத்தை, அப்பா தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்தே சுவர் முழுக்கக் குறித்து விடுவார். மட்டம் பார்க்கும் விஷயத்தில் கொத்தனார்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவை வைத்து வளைவாகத் தேய்த்து, வாட்டர் ப்ரூஃப் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். சுவரிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்ச் சுவரில் ஈரம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை.

பளபளப்பான டைல்ஸ் அழகுதான், ஆனால் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸே நல்லது. 7 × 5 = 35 சதுர அடி. ஒரு அடி சதுர டைல்ஸ் 35, உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 சதவீதம் சேர்த்து 39 வாங்கலாம். ஒட்டி நன்றாக இறுகிய பிறகு விரலால் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. எடுத்து மறுபடி ஒட்டச் சொல்ல வேண்டும்.

5. நம் எல்லை எது?

அளவு எடுப்பது, கணக்குப் போடுவது, டைல்ஸ் ஒட்டக் கூட நிற்பது, கிரவுட் போடுவது, மெயினை அணைத்துவிட்டுச் சோதிப்பது ஆகியவற்றை நாம் செய்யலாம். புது லைன் இழுப்பது, டி.பி.யில் கை வைப்பது, எர்த் குழி போடுவது ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். மீட்டர் சீலைத் தொடவே கூடாது. அதற்காக நாம் சும்மா இருக்க வேண்டும் என்பதில்லை. "அண்ணே, எர்த் எங்கே வருது? ஆர்.சி.சி.பி. போட்டாச்சா?" என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே கேட்க நம்மால் முடியும். அதைக் கேட்கும் அளவுக்குத்தான் நம் பெற்றோர் நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே! லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் வீட்டு டி.பி.யைத் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லை என்றால் அப்பாவிடம் சொல்லுங்கள். டைல்ஸ் அடுத்த வருஷம் கூட மாற்றிக்கொள்ளலாம்.

— மின்னியல் துறை, இரண்டாம் ஆண்டு