கோட்டைக்குப் போன மனுக்கள்

மனு என்றால் என்ன என்று நமது வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுதுவிப்பதற்கு அலைந்ததும், கொடுத்துவிட்டுக் காத்திருந்ததும், "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்ற பதிலோடு திரும்பியதும் பலருக்குப் பழகிப்போன அனுபவம். இந்தப் பாடத்தில் நாம் வேறொரு தீவுக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் குடியானவர்கள் அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களையும் முறைப்பாடுகளையும் எடுத்துப் பார்ப்போம். எது கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை, ஏன் என்பதே நமது கேள்வி.

1. யாருக்கு எழுதினார்கள்?

1801 ஜனவரி 1ஆம் திகதி அயர்லாந்து பிரித்தானியாவுடன் ஒரே இராச்சியமாக இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த பாராளுமன்றம் இல்லாமற் போயிற்று. சட்டம் லண்டனில் ஆக்கப்பட்டது. நிர்வாகம் டப்ளின் கோட்டையிலிருந்து நடந்தது. அங்கே அரசரின் பிரதிநிதியாகத் தேசாதிபதி ஒருவர் இருந்தார். அவருக்குக் கீழே பிரதம செயலாளரின் காரியாலயம் இயங்கியது. நமது பேச்சில் சொன்னால் அதுதான் தலைமைக் கச்சேரி.

காணிகளிற் பெரும்பகுதி புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. உழுதவர்களோ பெரும்பாலும் கத்தோலிக்கர்; ஆண்டுக் குத்தகையில், எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய நிலையில் வாழ்ந்தவர்கள். 1829 வரை கத்தோலிக்கர் ஒருவர் பாராளுமன்றத்தில் அமரவும் முடியாது. ஏழைக்கு வாக்கு இல்லை. வழக்காடப் பணமும் இல்லை. எஞ்சியிருந்தது மனு ஒன்றுதான்.

2. எழுதியவர் யார்?

1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 வீதமானோருக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியாது. மேற்குப் பகுதிகளிற் பலருக்கு ஐரிஷ் மொழி மட்டுமே தெரியும். மனுவோ ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆகவே கிராமத்துப் பள்ளி ஆசிரியரோ, பங்குக் குருவோ, கூலிக்கு எழுதும் எழுத்தரோ எழுதிக் கொடுத்தார். மனுதாரர் தமது பெயருக்கு நேரே ஒரு புள்ளடி இட்டார்.

உருவம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் அதிகாரியின் பட்டங்கள், அடுத்துத் தாழ்மையான வணக்கம், பின் நடந்தது, அதன்பின் வேண்டுகோள், முடிவில் "என்றென்றும் தங்களுக்காக மன்றாடுவோம்" என்ற வாக்கு. இந்தப் பணிவு முழுவதும் உள்ளத்திலிருந்து வந்தது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. அது கதவு தட்டும் முறை. தட்டிய பின் சொன்ன செய்தியிற் பல வேளை கோபமும் இருந்தது.

3. கோட்டைக்குள் என்ன நடந்தது?

1818 முதல் வந்த கடிதங்களுக்கு ஆண்டும் இலக்கமும் இட்டு இடாப்பிற் பதிந்தார்கள். மடித்த கடிதத்தின் வெளிப்புறத்தில் சுருக்கம் எழுதப்பட்டது. பிறகு விசாரித்து அறிக்கை தரும்படி அது கீழே அனுப்பப்பட்டது. சிறைக் கைதியின் மனு என்றால் தண்டித்த நீதிபதிக்கு. ஊர் முறைப்பாடு என்றால் அவ்வூர் நீதவானுக்கு அல்லது பொலிஸ் அதிகாரிக்கு.

இங்கேதான் சிக்கல். ஊர் நீதவான்களிற் பலர் தாமே நிலப்பிரபுக்கள், அல்லது அவர்களின் நண்பர்கள், முகாமையாளர்கள். யாருக்கு எதிராக முறையிட்டார்களோ அவர் கையிலேயே முறைப்பாடு திரும்பி வந்து சேரக்கூடும். அதனாற் பலர் தனியே கையொப்பமிட அஞ்சினார்கள். ஊராகச் சேர்ந்து இட்டார்கள். வேறு சிலர் பெயரில்லாத மிரட்டற் கடிதங்களை இரவில் கதவுகளில் ஒட்டினார்கள். 1820களில் "கப்டன் றொக்" என்ற கற்பனைப் பெயரில் அப்படிப்பட்ட கடிதங்கள் தெற்கு மாவட்டங்களிற் பரவின. மனுவின் கதவு மூடியிருந்த இடத்தில் இந்த வழி திறந்தது. அதன் முடிவு பல குடும்பங்களுக்குத் தூக்குமரமாகவும் நாடு கடத்தலாகவும் அமைந்தது.

நாடு கடத்தப்பட்டவர்களின் மனைவியரும் எழுதினார்கள். 1791 முதல் 1853 வரை அயர்லாந்துக் கைதிகள் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். தமக்கும் பிள்ளைகளுக்கும் கணவன் இருக்கும் இடத்துக்கு இலவசப் பயணம் தரும்படி பெண்கள் கேட்டார்கள். பங்குக் குருவின் சான்று, கணவனின் கடிதம், பிள்ளைகளின் வயது ஆகியவற்றை இணைத்தார்கள். சிலருக்கு அனுமதி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

4. எண்ணிக் காட்டிய ஓர் ஆசிரியர்

வடமேற்கே டொனிகோல் மாவட்டத்தில் குவீடோர் என்ற கடலோரப் பகுதி உண்டு. கல்லும் சதுப்பும் நிறைந்த மண். 1837இல் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த பற்றிக் மக்கை தேசாதிபதிக்கு ஒரு மகஜர் எழுதினார். "எங்கள் மக்கள் மிகவும் ஏழைகள்" என்று எழுதுவதோடு அவர் நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்தப் பங்கில் உள்ள பொருட்களை எண்ணி எழுதினார்.

வண்டி 1. கலப்பை 1. மண்கட்டி உடைக்கும் பலுகு 16. சவள் 20. வாரி 32. கதிரை 93. முக்காலி 243. இறகு மெத்தை 2. வான்கோழி 3. மணிக்கூடு இல்லை, சட்டைப்பைக் கடிகாரம் 3. பன்றி இல்லை. பழமரம் இல்லை. பாடசாலை 1. குருவானவர் 1. கோவில், பாடசாலை, பொலிஸ் நிலையம் முதலிய சில கட்டடங்களைத் தவிர்த்தால், முழுப் பங்கிலும் உள்ள சன்னற் கண்ணாடி எல்லாம் சேர்ந்து பத்துச் சதுர அடி.

அதன்பின் பஞ்சத்தின் காரணத்தைச் சொன்னார். சென்ற ஆண்டு விதை பழுதாகியது. ஒக்டோபரிலிருந்து ஓயாத புயல். மாட்டுக்குத் தீனி இல்லாமல் மக்கள் தமது உருளைக்கிழங்கையே வெட்டி மாட்டுக்குப் போட்டார்கள். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு வேளை உண்ணும் குடும்பங்கள் உண்டு. இறுதியில் ஓர் அழைப்பையும் விடுத்தார்: பக்கச்சார்பற்ற ஒருவரை அனுப்புங்கள், நான் வீடு வீடாக அவரோடு வருகிறேன், ஒன்று பொய்யென்றால் காட்டட்டும்.

இந்த மகஜரின் பலம் எங்கே இருக்கிறது? கண்ணீரைப் பற்றியும் அவர் எழுதினார். ஆனால் கண்ணீரை மறுக்கலாம். ஒரு கலப்பையை மறுக்க முடியாது. போய் எண்ணிப் பார்த்தாலே ஆயிற்று. அடுத்த ஆண்டு முதல் அங்கே காணி வாங்கிய ஜோர்ஜ் ஹில் பிரபு, 1845இல் வெளியிட்ட தமது நூலில் இந்த மகஜரை அச்சிட்டார். தாம் வருவதற்கு முன் ஊர் எவ்வளவு கெட்டிருந்தது என்று காட்டுவது அவர் நோக்கம். எழுதியவரின் நோக்கம் வேறு. ஆனாலும் அந்த எண்கள் இன்றுவரை நின்று சாட்சி சொல்கின்றன.

5. ஒற்றுமை இருந்தும் தோற்ற ஊர்

றொஸ்கொமன் மாவட்டத்தில் பாலிகில்க்ளைன் என்ற சிற்றூர் முடிக்குரிய காணியில் இருந்தது. அதைக் குத்தகைக்கு வைத்திருந்த மேஹன் குடும்பத்தின் உரிமை 1834இல் முடிந்தபோது, குடியானவர்கள் நேரே அரசாங்கத்துக்குக் குத்தகை கட்ட வேண்டி வந்தது. அவர்கள் கட்ட மறுத்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் அந்த மறுப்பு நீடித்தது. இடையிடையே அதிகாரிகளுக்கு மனுக்களும் போயின: தவணை கேட்டு, நிலுவையைக் குறைக்கக் கேட்டு, பிறந்த மண்ணில் இருக்க விடும்படி கேட்டு.

ஊர் ஒன்றாக நின்றது உண்மை. ஆனால் கோட்டைக்கு இது கடன் கொடுக்காத ஊர் என்ற ஒரே கோணமே தெரிந்தது. மனுக்கள் இரக்கத்தைக் கேட்டன. அரசாங்கம் நிலுவைக் கணக்கைக் காட்டியது. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இலும் அடுத்த ஆண்டிலும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, அரசாங்கச் செலவில் லிவர்பூல் வழியாக நியூயோர்க்குக்குக் கப்பலேற்றப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன. அவர்களிற் சிலர் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ரட்லன்ட் என்ற இடத்தில் மீண்டும் அயலவர்களாகக் கூடி வாழ்ந்தனர். ஊர் போயிற்று, உறவு போகவில்லை.

6. பஞ்ச காலத்து மனுக்கள்

1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1852 வரை ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் இறந்தனர். அதற்கும் அதிகமானோர் கடல் கடந்தனர். 1845 நவம்பரில் அமைந்த நிவாரண ஆணைக்குழுவுக்கு ஊர்க் குழுக்களும் குருமாரும் ஓயாமல் எழுதினர்.

ஆனால் விதி ஒன்று இருந்தது. ஊரிற் சேர்த்த நன்கொடையின் அளவைப் பார்த்தே அரசாங்கம் தனது பங்கைக் கொடுத்தது. செல்வர் வாழும் ஊர் கூடச் சேர்த்தது, கூடப் பெற்றது. செல்வர் இல்லாத ஊரின் மனு எவ்வளவு உண்மையானாலும் அதன் பக்கத்தில் வைக்கப் பணம் இல்லை. 1847இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது: கால் ஏக்கருக்கு மேல் காணி வைத்திருப்பவர் அதைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெற முடியாது. உணவா, காணியா என்று குடும்பங்கள் தெரிவு செய்ய நேர்ந்தது. காணியைக் கொடுத்தவர் பலர் பின்பு அதைக் காணவில்லை. இங்கே தவறு மனுவில் இல்லை. மனு போய்ச் சேர்ந்த விதியில் இருந்தது.

7. குருமாரின் மனு

மீண்டும் குவீடோருக்கு வருவோம். 1850களில் நிலப்பிரபுக்கள் மலை மேய்ச்சல் நிலங்களைக் குடியானவர்களிடமிருந்து பிரித்து ஸ்கொட்லாந்து ஆடுகளுக்கு விட்டனர். ஆடுகள் காணாமற் போனபோது நட்டத்தை ஊரார்மேல் வரியாகச் சுமத்தினர். 1858 ஜனவரியில் அப்பகுதிக் குருமார் பத்துப் பேர் ஒரு வேண்டுகோளை வெளியிட்டனர். மக்கள் பட்டினியின் விளிம்பில் இருப்பதாக அறிவித்தனர். பாராளுமன்றம் அதே ஆண்டில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது.

குழுவின் முடிவு குருமாருக்கு எதிராக வந்தது: வறுமை உண்டு, ஆனால் சொல்லப்பட்ட அளவு பட்டினி இல்லை, அதற்கு நிலப்பிரபுக்கள் காரணமும் அல்லர். நிலப்பிரபுக்களின் செல்வாக்கு பெரிது என்பது உண்மை. ஆனாலும் நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மேய்ச்சல் நிலம் பறிபோனது கண்கூடான உண்மை. வரி விழுந்ததும் அப்படியே. விவாதம் பட்டினியின் அளவைப் பற்றித் திரும்பியதும், நிலத்தைப் பற்றிய கேள்வி பின்னாற் போய்விட்டது. மக்களுக்காகப் பேசுகிறவர்கள் மிகைப்படுத்திச் சொன்னதாக ஒருமுறை பெயரெடுத்தால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் மக்களே. குருமாராகிய நமக்கும் இது ஒரு பாடம்.

8. வீணாயிற்றா?

1843இல் டெவன் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, காணி பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. பஞ்சத்துக்கு முன் அதிலிருந்து உருப்படியான சட்டம் எதுவும் பிறக்கவில்லை. 1879இல் காணிச் சங்கம் தோன்றி, குடியானவர்கள் நாடு முழுவதும் ஒன்றுபட்ட பிறகே 1881இன் சட்டம் நியாயமான குத்தகையைத் தீர்மானிக்கும் மன்றத்தை அமைத்தது. 1903இன் சட்டம் உழுதவர் காணியை வாங்கப் பெரிய அளவில் வழி திறந்தது. மனு மட்டும் காணியைத் தரவில்லை. அமைப்பு தந்தது. ஆனால் எத்தனையோ ஆண்டுகளாக எழுதப்பட்ட சாட்சியங்கள் இல்லாமல் அந்த அமைப்புக்கு வாதமும் இருந்திராது.

1922 ஜூன் இறுதியில் உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொதுப் பதிவேட்டு நிலையம் தீயில் எரிந்தது. பல நூற்றாண்டுகளின் ஆவணங்கள் சாம்பலாயின. பிரதம செயலாளரின் கடிதங்கள் கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததால் தப்பின. பதில் கிடைக்காத ஏழைகளின் புள்ளடிகளை இன்றும் அயர்லாந்தின் தேசிய சுவடிக்கூடத்திற் காணலாம். பிரபுக்கள் எழுதிய வரலாற்றை அந்தப் புள்ளடிகளே திருத்துகின்றன.

நாம் எழுதும் மனுவின் பிரதியொன்றை, திகதியோடு, வீட்டிற் பத்திரமாக வைத்திருப்போம். அதைக் கேட்பவர் நாளை வரக்கூடும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. பற்றிக் மக்கை பொருட்களை எண்ணி எழுதியது ஏன் பலமாக இருந்தது? நமது ஊரைப் பற்றி எழுதினால் எவற்றை எண்ணுவோம்?

2. பாலிகில்க்ளைன் மக்களின் ஒற்றுமை ஏன் போதவில்லை?

3. "விசாரித்து அறிக்கை தருக" என்று மனு யாரிடம் திரும்பி வருகிறது என்பது ஏன் முக்கியம்?

4. பிறர் சார்பில் எழுதுகிறவர், அந்த மக்களுக்கு முன் அதை வாசித்துக் காட்ட வேண்டுமா? ஏன்?