ஒரு வாய்க்கால், பல குடும்பங்கள்: குழுத்தலைவரின் பணி

சிறுபோகத்தில் வாய்க்காலின் தலைப்பக்கத்து வயலில் நீர் வழிந்தோடும். கடைப்பக்கத்து வயல் வெடித்துக் கிடக்கும். வன்னிக் கமக்காரருக்கு இது புதிய காட்சியல்ல. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கோ இச்சிக்கல் இன்னும் பெரிது. 2009இன் பின்னர் மீளக்குடியேறிய பல இடங்களில் பழைய அயலவரும் முன்பின் அறியாதவரும் ஒரே வாய்க்காலில் கமம் செய்ய நேர்ந்தது. இங்கே தலைவராகத் தெரிவாகும் ஒருவர் குழுவில் நல்லுறவை எவ்வாறு வளர்க்கலாம்?

கல்லோயாவின் அனுபவம்

கல்லோயா என்றதும் 1956ஆம் ஆண்டின் வன்செயலே நம்மவரின் நினைவுக்கு வரும். அதே கல்லோயாவின் இடதுகரையில் 1981இல் ஒரு நல்ல முயற்சி தொடங்கியது. தலைப்பக்கத்தில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைப்பக்கத்தில் தமிழ் பேசும் கமக்காரர். வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன. நீருக்காகப் பிணக்குகள் மலிந்திருந்தன. அவ்வாண்டு குளத்திலும் நீர் குறைவு.

கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் வந்தவுடன் தலைவர் தெரிவை நடத்தவில்லை. வீடு வீடாகச் சென்று குறைகளைக் கேட்டார்கள். பின்னர் ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் குடும்பங்கள் சேர்ந்து அதைத் துப்புரவு செய்தன. முறைவைத்து நீர் பாய்ச்சின. மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டன. வேலை நடந்த பின்னரே, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவர் பிரதிநிதியானார். அவருக்குச் சம்பளம் இல்லை.

நம்பிக்கை வந்தபின் சேர்ந்து வேலை செய்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்து செய்த வேலையிலிருந்தே நம்பிக்கை பிறந்தது. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.

தலைவர் செய்யவேண்டியவை

1. கூட்டத்துக்கு முன் கடைப்பக்கத்து வயலுக்கு நடந்து செல்லுங்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணும், புதிதாக வந்தவரும் சபையில் பேசத் தயங்கலாம். தமது வரம்பில் நின்று பேசுவார்கள்.

2. ஒரே நாளில் முடிக்கக்கூடிய சிரமதானத்துடன் தொடங்குங்கள். மண்வெட்டியுடன் முதலில் நிற்பவர் நீங்களாக இருங்கள்.

3. நீர்முறையை நாள், நேரம், பெயருடன் எழுதி எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டுங்கள். உங்கள் வயலின் முறையும் அதில் இருக்கட்டும். முறை தவறினால் என்ன செய்வது என்பதைப் போகம் தொடங்குமுன் எல்லோரும் கூடித் தீர்மானியுங்கள்.

4. பிணக்கு எழுந்தால் இரு பக்கத்தாரையும் தனித்தனியே கேளுங்கள். பின்பு வாய்க்காலடியில் இருவரையும் வைத்துப் பேசுங்கள். சபையில் நாணப்படுத்தப்பட்டவர் அடுத்த சிரமதானத்துக்கு வரமாட்டார்.

5. சங்கப் பணத்தின் கணக்கை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசியுங்கள்.

“தலைப்பக்கத்தவர் ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?” என்று சிலர் கேட்பார்கள். மிகையாகப் பாயும் நீர் அவர்கள் இட்ட பசளையையும் கழுவிச் செல்கின்றது. வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருக்கவும், அதிகாரிகளிடம் ஒரே குரலில் பேசவும் கடைப்பக்கத்தவரின் துணை அவர்களுக்கு வேண்டும். இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் தலைவரின் கடமையே.

குழுவில் கலந்துரையாடுங்கள்

• எமது வாய்க்காலில் கடைசியாக நீர் பெறுபவர் யார்? சென்ற போகத்தில் அவருடைய விளைச்சல் எப்படி?

• அடுத்த கூட்டத்துக்கு முன் நாம் சேர்ந்து முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலை எது?