மழைக்கால வழிநடை

நான்கு தூறல் விழுந்தால் வகுப்புக்குப் போகலாமா வேண்டாமா என்று நாம் விடுதி வாயிலில் நின்று வழக்காடுகிறோம். அப்படிப்பட்ட நாமே செப்டம்பர் மழையில் பெங்களூரிலிருந்து மைசூர் வரை, ஏறத்தாழ 140 கிலோமீட்டர், முதுகில் மூட்டையோடு ஆறு நாள் நடந்தோம் என்றால் சிலர் நகைக்கக் கூடும். நானும் தஞ்சை மாவட்டத்து நண்பர் ஒருவரும் அவ்வாறு நடந்தோம். அதில் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். அடுத்து நடக்க விரும்புவோர்க்கு இவை பயன்படும்.

வழிநடை நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வந்தவன் எதிரே வரும் வறியவனுக்கு வழி சொல்லும் பாட்டுகள் அவை. அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னன் என்னும் தலைவனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைப் பெருங்கௌசிகனார் அதில் விளக்குகிறார். எங்கே பொறி வைத்திருப்பார்கள், எங்கே கால் வழுக்கும், எங்கே இரவு தங்கலாம், எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிச் செல்கிறார். இடரையும் ஆறுதலையும் ஒரே மூச்சில் சொல்வதே அப்புலவரின் முறை. நானும் அம்முறையையே பின்பற்றுகிறேன்.

முதலில் மழையின் இயல்பை அறிய வேண்டும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இதற்கு மழை தருகின்றன. ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். அதில் செப்டம்பர் மாதப் பங்கே மிகுதி. அம்மாதத்தில் பெரும்பாலும் காலையில் வானம் வெளுத்திருக்கும். நண்பகல் வெப்பத்தால் மேகம் திரளும். மாலையில் இடியோடு கொட்டும். ஆகவே விடியலில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் அன்றைய நடையை முடித்துவிட வேண்டும். இந்த விதியை நாங்கள் ஒருநாள் மீறினோம். அதன் விளைவைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அடுத்தது சுமை. நம் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது. அறுபது கிலோ உள்ளவர்க்குப் பத்துக் கிலோ போதும். பைக்கு மேலே போடும் உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கமாக நீர் இறங்கிவிடும். பைக்குள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு சோடிக் காலுறை, ஒரு கம்பளி ஆகியவற்றை இரவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு நனைந்தாலும் பகலில் அவற்றைத் தொடக் கூடாது. காலையில் ஈரச் சட்டையையே மீண்டும் அணிவது துன்பந்தான். ஆனால் பத்து நிமிட நடையில் அது மறந்துவிடும். மாலையில் உலர்ந்த காலுறைக்குள் கால் நுழையும்போது உண்டாகும் இன்பத்துக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கால்களே நமக்கு வண்டி. காலையில் பாதத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் எளிதில் ஊறாது. இரவில் பழைய செய்தித்தாளைக் கசக்கிக் காலணிக்குள் திணித்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சாலையில் தேங்கிய நீரில் குழி எது, தரை எது என்று தெரியாது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் பழமொழியின் பொருள் கெங்கேரியில் முழங்கால்வரை இறங்கிய பின்பே எனக்கு விளங்கிற்று.

இனி வழி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில் நடப்போர்க்கு இடமில்லை. பழைய ஊர்ச் சாலைகளையே பிடித்துச் சென்றோம். முதல்நாள் மாலை பிடதி. அங்கே தட்டு இட்டிலி பெயர் பெற்றது. உள்ளங்கையை விரித்தாலும் மறையாத அளவுடையது. ஆவி பறக்கும் இட்டிலியின் மேல் வெண்ணெய் உருகி வழிய, அதன் சூட்டில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டே உண்டோம். மறுநாள் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ராமநகரம். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கினோம். அவ்வீட்டார் முசுக்கொட்டை இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈர இலையைத் தின்றால் பட்டுப்புழு நோயுறும் என்றார்கள். நாங்களும் ஒரு மணி நேரம் இலை துடைத்தோம். திண்ணைக்கு வாடகை கொடுத்ததுபோல் மனம் நிறைந்தது. மூன்றாம் நாள், வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிப் பொம்மை செய்யும் சென்னப்பட்டணத்தைக் கடந்து மத்தூரை அடைந்தோம். மத்தூர் வடையை அறியாதவர் நம் சங்கத்தில் இல்லை. தாளில் பொதிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் அது வயிற்றுக்கு உணவு, மார்புக்குக் கணப்பு.

நான்காம் நாள் காலை மழை ஓயவில்லை. காத்திருந்து, பத்து மணிக்கு மேல் புறப்பட்டோம். அதுவே நாங்கள் செய்த பிழை. பிற்பகல் மூன்று மணிக்கு மண்டியாவுக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கையில் பெருமழை பிடித்துக்கொண்டது. நண்பர் முதலில் நடுங்கினார். பின்னர்ப் பேச்சுக் குழறிற்று. பையின் கயிற்றை அவிழ்க்க முயன்றார், விரல்கள் இயங்கவில்லை. நண்பர்களே, இவ்வடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குளிரால் உயிருக்குத் தீங்கு வருவது இமயத்தில் மட்டுமன்று. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திச் செல்லும். ஈர உடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் நம் நாட்டுச் சமவெளியிலும் உடல் குளிர்ந்துவிடும். அந்நிலையில் நடப்பதை நிறுத்தி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்ததை உடுத்தி, சூடாகவும் இனிப்பாகவும் ஏதேனும் பருகச் செய்ய வேண்டும்.

சாலையோரத்தில் புகை தெரிந்தது. அது கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் கொட்டகை. கன்னடத்தில் ஆலெமனை என்பார்கள். வாயிலில் நான் ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. காவிரிப் பூசலில் முன்னிற்கும் மாவட்டம் மண்டியா. 2016 செப்டம்பரில் அப்பூசலால் பெங்களூரில் பேருந்துகள் எரிந்த கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். "தமிழில் பேசாதே" என்று நண்பர் காதில் சொல்லிவிட்டே உள்ளே அழைத்துச் சென்றேன்.

ஒரு முதியவர் எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. நண்பரை அடுப்பின் முன் அமர்த்தினார். காய்ந்த கரும்புச் சக்கையை இரண்டு கை அள்ளி நெருப்பில் போட்டார். கொப்பரையிலிருந்து சூடான பாகை எடுத்து, நீர் கலந்து, ஒரு குவளையில் கொடுத்தார். அரைமணி நேரத்தில் நண்பர் முகத்தில் உயிர் வந்தது. அதன் பிறகே, "தம்மா, எந்த ஊர்?" என்று கன்னடத்தில் கேட்டார். நான் பெங்களூர் என்றேன். நண்பரோ என்னைப் பார்த்துவிட்டு, "தஞ்சாவூர், அஜ்ஜா. அப்பா உழவர்" என்று சொல்லிவிட்டார்.

முதியவர் சற்றுநேரம் அடுப்பைப் பார்த்திருந்தார். பிறகு, "அங்கே இந்த ஆண்டு நடவு முடிந்ததா?" என்று கேட்டார். அதன்பின் இருவரும் நெல், எலி, கூலி, உரவிலை என்று பேசத் தொடங்கினார்கள். அரைகுறைக் கன்னடமும் கைச்சாடையும் போதுமானவையாக இருந்தன. பேச்சினிடையே அவர் ஒன்றை மறைக்காமல் சொன்னார்: "மழை பொய்த்த ஆண்டில் வந்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டாலும் நெருப்பு மூட்டித்தான் இருப்பேன்." அன்றிரவு அக்கொட்டகையிலேயே, கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் உண்டு, இரவு உடைக்குள் புகுந்து உறங்கினோம்.

ஐந்தாம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கண்டபோது ஒன்றை எண்ணிப் பார்த்தேன். பெங்களூரின் மேற்குப் பாதியில் பெய்யும் மழை விருஷபாவதியில் சேர்கிறது. இன்று கழிவால் கறுத்து ஓடினும் அது அர்க்காவதியில் விழுகிறது. ராமநகரத்து மழையும் அர்க்காவதிக்கே. மத்தூர் மழை சிம்ஷா ஆற்றுக்கு. இவை யாவும் காவிரியில் கலந்து மேட்டூருக்குப் போகின்றன. நான்கு நாள் எங்களை நனைத்த மழை, நண்பரின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பங்கு எவ்வளவு என்பதை நீதிமன்றம் கூறலாம். 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று கூறியும் இருக்கிறது. நீர் குறைந்த ஆண்டில் இரு பக்கத்து உழவரும் வருந்துவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வழக்கை நாளிதழில் படிப்பது ஒன்று. அடுப்படியில் எதிரெதிரே அமர்ந்து கேட்பது வேறொன்று.

ஆறாம் நாள் மைசூரை அடைந்தபோது மழை விட்டும் தூவானம் விடவில்லை. நண்பர் தம் பையிலிருந்து ஓர் அச்சு வெல்லத்தை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். மறுபாதியைத் தந்தைக்கென்று தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள், அந்த உலர்ந்த காலுறைக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டினார்.

அடுத்த செப்டம்பரில் நீங்களும் புறப்படுங்கள். விடியலில் கிளம்புங்கள், இரவு உடையை நனைய விடாதீர்கள், எந்த ஊர் என்று எவர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.