ஏற்றுமதி: கேள்விப்பட்டதும் நடப்பதும்

மதுரை ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கிற வேளாண் கல்லூரி வளாகத்துக்குள், நபார்டு ஆதரவில் நடக்கும் வேளாண் தொழில் ஊக்குவிப்பு மையம் இருக்கிறது. மாபிஃப் என்றால்தான் பலருக்கும் தெரியும். முருங்கை இலைப்பொடி, சத்துமாவு, மசாலா என்று ஏதோ ஒன்றைச் சொந்தமாகச் செய்து விற்கிற சிறு தொழில்காரர்கள் நாடிப் போகும் இடம். தங்கள் பொருளைப் பற்றிக் கேட்டால் இவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். இலையை நிழலில் எத்தனை நாள் உலர்த்த வேண்டும், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், பொடி எப்போது பச்சை நிறம் மாறும் என்று எல்லாம் விரல்நுனியில் இருக்கும். "கஸ்டம்ஸ்" என்ற சொல் வந்ததும் குரல் இறங்கிவிடும். துபாயில் இருக்கிற மச்சான் சொன்னது, யூடியூபில் பார்த்தது, ஒருமுறை அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்ட நண்பர் சொன்னது ஆகியவைதான் அங்கே அறிவாக நிற்கின்றன. நல்ல பொருளைச் செய்கிறவர்கள் இந்தப் பயத்தாலேயே உள்ளூர்க் கடைகளோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஆகவே அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு, நடைமுறை என்னவென்று பார்க்கலாம்.

"ஐ.இ.சி. எடுத்தாச்சு, இனி எதையும் அனுப்பலாம்"

ஐ.இ.சி. என்பது ஏற்றுமதியாளரின் அடையாள எண். பத்து இலக்கம். ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கிறது. வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் 500 ரூபாய். இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடைத்தரகர்கள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்தத் தளத்தில் நுழைந்து, மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கிவிடும். சரக்கு கட்டித் தயாரான பிறகு இது தெரியவந்தால் என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பொருளை அனுப்பலாம் என்பதை இந்த எண் தீர்மானிப்பதில்லை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 செப்டம்பரில்தான் அது நீங்கியது. அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் செல்லுபடியாகும் ஐ.இ.சி. கையில் இருந்தும் மதுரைப் பக்கத்துப் பொன்னிப் பச்சரிசியை அனுப்ப வழியில்லை. 2023 ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். அது 20 ஆகக் குறைந்து, 2025 ஏப்ரல் 1 முதல் இல்லாமல் போனது. சிறு தொழில்காரர்கள் அனுப்புகிற பெரும்பாலான பொருள்களுக்கு ஏற்றுமதி வரி கிடையாது என்பது உண்மை. ஆனால் ஆர்டரை ஒப்புக்கொள்ளும் நாளில் அன்றைய நிலையைப் பார்த்தே ஆக வேண்டும். மசாலாப் பொருள் என்றால் ஸ்பைசஸ் போர்டு பதிவுச் சான்றும் கட்டாயம்.

"ஏஜென்ட் இல்லாமல் நடக்காது, ஏஜென்ட் இருந்தால் நமக்கு வேலையில்லை"

இரண்டு பாதியுமே தவறு. சட்டம் கஸ்டம்ஸ் புரோக்கரைக் கட்டாயமாக்கவில்லை. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்து, டிஜிட்டல் கையொப்பத்தோடு, ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதி விவர ஆவணத்தை ஏற்றுமதியாளரே தாக்கல் செய்யலாம். இருந்தாலும் முதல் சில சரக்குகளுக்கு லைசன்ஸ் உள்ள புரோக்கரை வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். துறைமுகத்தில் ஓடியாட ஆள் வேண்டும், தூத்துக்குடி ஒத்தக்கடைக்குப் பக்கத்துத் தெரு இல்லை.

ஆபத்து இரண்டாவது பாதியில் இருக்கிறது. ஷிப்பிங் பில்லில் எழுதியிருப்பது ஏற்றுமதியாளரின் உறுதிமொழி. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 50 அப்படித்தான் சொல்கிறது. புரோக்கர் தட்டச்சு செய்தாலும் பொறுப்பு நம்முடையது. தாக்கல் செய்யும் முன் அவர், அதில் போகிற விவரங்களை அடுக்கி, ஒரு செக்லிஸ்ட் அனுப்புவார். வாட்ஸப்பில் பி.டி.எஃப். வரும். சரக்கு ஏற்றுகிற அவசரத்தில், திறக்காமலேயே "ஓகே" போட்டுவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பின்னால் வருகிற பெரும்பாலான தலைவலிகளுக்கு விதை அந்த "ஓகே"தான்.

அந்தப் பி.டி.எஃப்.பில் பார்க்க வேண்டியவை பல இல்லை. ஜி.எஸ்.டி. எண், இன்வாய்ஸ் எண்ணும் தேதியும், அன்னியச் செலாவணியைக் கையாளும் நம் வங்கிக் கிளையின் ஏ.டி. கோடு, பொருளின் அளவும் எந்த அலகில் என்பதும், விலை கப்பலில் ஏற்றுவது வரைக்குமானதா (எஃப்.ஓ.பி.), காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்ததா (சி.ஐ.எஃப்.) என்பது, வரி கட்டி அனுப்புகிறோமா, எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதத்தின் பேரில் கட்டாமல் அனுப்புகிறோமா என்பது, பிறகு பொருளின் வகைப்பாட்டு எண்ணான எச்.எஸ். கோடு.

இந்த எச்.எஸ். கோடு விஷயத்தில் முருங்கைக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2022-23 வேளாண் பட்ஜெட்டில் மதுரை உள்ளிட்ட ஏழு மாவட்டங்களைச் சேர்த்து முருங்கை ஏற்றுமதி மண்டலம் அறிவித்த பிறகு பலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். காய்ந்த காய்கறி வகைகளுக்கு 0712 என்ற தலைப்பு, மருந்துக்குப் பயன்படும் செடிப் பாகங்களுக்கு 1211, கேப்சூலில் அடைத்துச் சத்துணவாக விற்றால் 2106. ஒரே மரத்து இலைதான், ஆனால் எந்தத் தலைப்பு என்பதைப் பொறுத்து இங்கே கிடைக்கிற சலுகையும் மாறும், அங்கே வாங்குகிறவர் கட்டுகிற வரியும் மாறும். புரோக்கர் பழக்கத்தில் ஒன்றைப் போடுவார், வாங்குகிறவரோ வேறொன்றை எதிர்பார்ப்பார். ஆர்டர் பேசும்போதே வாங்குகிறவரிடம் எண்ணைக் கேட்டு இரண்டு பக்கமும் ஒத்துப்போகச் செய்துவிட வேண்டும். பூச்சியோ செடி நோயோ இல்லை என்று காட்டும் பைட்டோ சான்று கேட்கிற நாடா என்பதையும் அப்போதே கேளுங்கள். செடிப் பொருளுக்கு அந்தச் சான்று சரக்கு கிளம்பும் முன் வாங்க வேண்டியது.

சரக்கு போன பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்தப் பிரிவு 149 இடம் தருகிறது. ஆனால் ஏற்றுமதி நடந்த நேரத்திலேயே இருந்த ஆவணத்தைக் காட்டித்தான் திருத்த முடியும். புதிதாக ஒரு இன்வாய்ஸ் அடித்துக்கொண்டுபோய் நின்றால் எடுபடாது.

"துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டியையும் உடைத்துவிடுவார்கள்"

இல்லை. ஏற்றுமதிச் சரக்குகளை இடர் அடிப்படையில் கணினி தேர்ந்தெடுக்கும் முறை 2013-லிருந்தே இருக்கிறது. தேர்வாகாத சரக்குகள் பரிசோதனை இல்லாமலே ஏற்றுமதி உத்தரவு பெறுகின்றன. தேர்வானால் குறிப்பிட்ட சில பெட்டிகளைத் திறந்து பார்ப்பார்கள். பேக்கிங் லிஸ்டில் எந்தப் பெட்டியில் என்ன என்று எண் போட்டு எழுதியிருந்தால் அது சீக்கிரம் முடியும். "மொத்தம் 40 பெட்டி, பலசரக்கு" என்று எழுதியிருந்தால் நாற்பதையும் தேடத்தான் செய்வார்கள்.

பெட்டிக்குள் பொருளோடு போகிற மற்றவையும் கணக்கில் வரும். விளாச்சேரி கொலு பொம்மைகளை வைக்கோல் சுற்றிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். மண் பொம்மைக்கு அதைவிடப் பாந்தமான பாதுகாப்பு இல்லை என்பது கட்டுகிறவர்களின் அனுபவம். ஆனால் ஆஸ்திரேலியா வைக்கோல் பேக்கிங்கை ஏற்காது. மரச்சட்டம், மரப் பலகை வைத்தால் பதப்படுத்தியதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். பொம்மையில் குறையே இல்லாமல், சுற்றிய வைக்கோலுக்காக மறுகரையில் சரக்கு மாட்டும். நவராத்திரி முடிந்த பிறகு கொலு பொம்மையை விடுவித்து என்ன பயன்?

"கிஃப்ட்னு போட்டு அனுப்பிடு, யாரும் கேட்க மாட்டாங்க"

இதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் சிறு தொழிலுக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. பரிசுப் பொருள், மாதிரி என்று கூரியரில் போனால் அது கூரியர் ஷிப்பிங் பில்லில் சி.எஸ்.பி.-4 வகை. விற்பனைச் சரக்கு சி.எஸ்.பி.-5 வகையில் போக வேண்டும். பரிசு என்று நாமே எழுதிக் கொடுத்த பொருளுக்கு வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கிக்கு என்ன பதில் சொல்வது? ஏற்றுமதி என்பதற்கு ஆதாரம் இல்லாததால் உள்ளூர் விற்பனை போல ஜி.எஸ்.டி. கேட்டு நோட்டீஸ் வரலாம். பொய் விவரம் கொடுத்ததற்குச் சரக்கைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் சட்டத்தில் இடம் உண்டு.

நேர்வழி இப்போது எளிதாகவே இருக்கிறது. 2022 இறுதியில் தபால் துறை தொடங்கிய டாக் நிர்யாத் கேந்திரங்கள் என்ற ஏற்றுமதி மையங்கள் நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடி தபால் ஏற்றுமதிப் பில்லை ஆன்லைனில் தாக்கல் செய்துவிட்டுப் பார்சலைத் தபால் நிலையத்தில் கொடுத்தால் போதும். சுங்கப் பரிசீலனை கணினி வழியே நடக்கும். பத்துச் சுங்குடிச் சேலை அனுப்புகிறவர் துறைமுகத்தை எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

சின்னப் பார்சலுக்கு அந்தப் பக்கம் வரி இருக்காது என்ற நினைப்பும் இதோடு ஒட்டியே வருகிறது. அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழ் வரியில்லை என்றிருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றுபோனது. வரியை யார் வசூலிப்பது என்ற குழப்பத்தில் இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 அன்றுதான் மறுபடி தொடங்கியது. உணவுப் பொருள் என்றால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும், பார்சல் எவ்வளவு சிறியதானாலும்.

"கப்பல் ஏறிவிட்டால் முடிந்தது"

இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இதில் போகிற பணம் சத்தமில்லாமல் போகிறது.

ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பாரம் கிடையாது. அதற்கு இரண்டு வழி. எல்.யு.டி. கொடுத்துவிட்டு வரி கட்டாமலே அனுப்பலாம். அது மார்ச் 31-ஓடு காலாவதியாகும், புது நிதியாண்டுக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு வெளியேறவும் வேண்டும். இன்னொரு வழி, ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பிவிட்டுத் திரும்பப் பெறுவது. இதற்குத் தனி விண்ணப்பம் இல்லை, ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். கேட்க வசதியாக இருக்கும். ஆனால் கப்பல் நிறுவனம் சரக்குப் பட்டியலைச் சுங்கத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். நாம் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 3பி என்ற இரண்டு வரிக் கணக்குகளையும் போட்டிருக்க வேண்டும். பிறகு ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் உள்ள விவரமும் ஷிப்பிங் பில்லில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

ஒரு சாதாரண உதாரணம். இன்வாய்ஸில் எண் 'எம்.டி.யு./045'. கணக்கர் ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் '45' என்று மட்டும் போட்டார். மனிதர் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று புரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு இன்வாய்ஸ்கள். எஸ்.பி.005 என்ற பிழைக் குறியீட்டோடு பணம் அப்படியே நின்றுவிடும். கணக்கர் மதுரையில், புரோக்கர் தூத்துக்குடியில். இருவரும் ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் தொழிலின் சொந்தக்காரர்தான்.

பணம் வந்ததற்கான இ.பி.ஆர்.சி. சான்றையும் ஷிப்பிங் பில்லோடு இணைத்துவைக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் வந்துசேர ரிசர்வ் வங்கி கொடுக்கும் கெடு 2025 நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீண்டது. கெடு நீண்டதே என்று சான்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

"எங்கே நிற்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்"

நமக்கும் தெரியும். ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றையும் கொடுத்தால் ஏற்றுமதி உத்தரவு எப்போது வந்தது, கப்பல் நிறுவனத்தின் சரக்குப் பட்டியல் எண் பதிவாகிவிட்டதா என்று கைபேசியிலேயே பார்க்கலாம். "ஆயிரும் சார், ரெண்டு நாள்ல ஆயிரும்" என்று பதில் வருகிற நாட்களில் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். பட்டியல் பதிவாகவில்லை என்றால் கப்பல் நிறுவனத்திடம் கேட்க வேண்டும், பிழைக் குறியீடு இருந்தால் கணக்கரிடம், எச்.எஸ். கோடு சம்பந்தமான கேள்வி என்றால் புரோக்கரிடம். ஐ.இ.சி. சிக்கலுக்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம், டி.ஜி.எஃப்.டி.யின் மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது.