காய்ச்சல் விட்டால் டிங்கி விட்டதா?



சென்ற ஆண்டு நம் வாராந்திர வகுப்புக்கு வரும் ஒரு தம்பிக்குக் காய்ச்சல். நான்கு நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்துவிட்டது. "சரியாப் போச்சுண்ணே, சாயங்காலம் பூப்பந்து விளையாட வர்றேன்" என்று செய்தி அனுப்பினான். சாயங்காலம் அவன் வரவில்லை. அவன் அம்மாவின் அழைப்புதான் வந்தது. தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிட்டுப் போய் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

ஆண்டவன் அருளாலும் மருத்துவர்களின் உழைப்பாலும் நல்லபடியாக வீடு திரும்பினான். திரும்பி வந்ததும் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டான். "எனக்கு ஆரம்பப் பள்ளியில படிக்கும்போதே ஒருமுறை டிங்கி வந்திருக்கே, மறுபடி ஏன் வந்தது? காய்ச்சல் விட்ட பிறகு ஏன் மோசமாச்சு?"

அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில்தான் இந்த மாதப் பாடம்.

யார் இந்தக் கிருமி?

டிங்கிக் கிருமியின் குறுக்களவு ஏறத்தாழ 50 நானோமீட்டர். 20,000 கிருமிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். உள்ளே ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம். படலத்தின் மேல் ‘ஈ’ என்று பெயரிடப்பட்ட புரதம், 180 பிரதிகளாகப் பதிந்திருக்கிறது. அவ்வளவுதான் அதன் மொத்தச் சொத்து. அதனால் தனியாக உண்ண முடியாது, வளர முடியாது, பெருக முடியாது. இன்னொரு உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

நம்மிடம் அதைக் கொண்டு வருவது பெண் ஏடிஸ் கொசு. முட்டை வளர்வதற்காக அது இரத்தம் குடிக்கிறது. டிங்கி கண்ட ஒருவரைக் கடித்த உடனேயே கொசு நோயைப் பரப்பிவிடாது. கிருமி முதலில் கொசுவின் குடலில் பெருகி, பிறகு உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதற்கு 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதன்பின் அந்தக் கொசு வாழ்நாள் முழுவதும் கிருமியைச் சுமக்கும்.

உயிரணுவுக்குள் நுழைவது எப்படி?

கொசு கடிக்கும்போது உமிழ்நீரோடு கிருமியும் நம் தோலுக்குள் இறங்குகிறது. அங்கே காவலுக்கு நிற்பவை நோய் எதிர்ப்பு உயிரணுக்கள். வேடிக்கை என்னவென்றால், கிருமி முதலில் பிடிப்பதே அந்தக் காவலர்களைத்தான்! அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் ‘ஈ’ புரதம் ஒட்டிக்கொள்கிறது.

ஏதோ ஒரு பொருள் வந்திருக்கிறது என்று எண்ணி, உயிரணு தன் சவ்வைக் குழித்துக் கிருமியை ஒரு சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே வந்த பொருளைச் சிதைப்பதற்காக அந்தப் பையில் அமிலத்தன்மை கூடும். டிங்கிக் கிருமி காத்திருப்பதே அதற்குத்தான். அமிலம் பட்டதும் ‘ஈ’ புரதங்கள் வடிவம் மாறி நிமிர்ந்து, பையின் சவ்வில் குத்தி நிற்கின்றன. கிருமியின் படலமும் பையின் சவ்வும் ஒன்றாகிவிடுகின்றன. வழி திறக்கிறது, ஆர்.என்.ஏ. உள்ளே நழுவுகிறது.

ஆக, யாரும் கதவை உடைக்கவில்லை. நம் உயிரணு தன் காவலுக்கு வைத்த அமிலத்தையே கிருமி சாவியாக்கிக்கொள்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

அந்த ஆர்.என்.ஏ. சுமார் 10,700 எழுத்து நீளமுள்ள ஒரு கட்டளை. நம் உயிரணுவின் ரைபோசோம் அதைத் தன் வீட்டுக் கட்டளை என்று நம்பி வாசித்து, ஒரே நீளமான புரதத்தைச் செய்து கொடுக்கிறது. அது 10 புரதங்களாக வெட்டப்படுகிறது. மூன்று, புதிய கிருமியின் உடலைக் கட்டுகின்றன. மீதி ஏழு, ஆர்.என்.ஏ.வைப் பிரதி எடுப்பது, உயிரணுவின் அபாய அறிவிப்பை அடக்குவது போன்ற வேலைகளைப் பார்க்கின்றன. புதிய கிருமிகள் உயிரணுவின் சவ்வுகளுக்குள் உருவாகி, முதிர்ந்து, வெளியேறி அடுத்த உயிரணுவைத் தேடுகின்றன.

இரண்டாம் முறை ஏன் ஆபத்து?

தம்பியின் முதல் கேள்விக்கு வருவோம். டிங்கியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால், அந்த வகையிடமிருந்து நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்று வகைகளிடமிருந்து கிடைப்பது சில மாதப் பாதுகாப்புதான்.

பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள்கள் ஓடிவந்து கிருமியைப் பிடிக்கும். ஆனால் அடக்கும் அளவுக்குப் பிடி இறுகாது. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் விழுங்குவது சில வெள்ளை அணுக்களின் வழக்கம். இதையும் விழுங்குகின்றன. கிருமிக்கு அது இலவசப் பயணம். 1960-களில் பாங்காக்கில் நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் இந்த விளக்கத்துக்கு அடிகோலினார். இரண்டாம் முறை வரும் எல்லோருக்கும் கடுமையாகாது. ஆனால் ஆபத்து கூடுகிறது.

காய்ச்சல் விட்டபின் ஏன்?

காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தத்தில் கிருமி குறையத் தொடங்கிவிடும். ஆனால் போரில் நம் உடல் கொட்டிய இரசாயனங்களும், கிருமியின் என்.எஸ்.1 புரதமும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரைத் தளர்த்திவிடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்குகிறது. பெரும்பாலும் நோயின் 3 முதல் 7-ஆம் நாளுக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் கண்டம் இது.

அதனால் மறக்கவே கூடாது: கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் குளிர்ச்சி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தக்கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச்சாறு குடித்தாச்சு, போதும் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

நம் கடமை

நம் நாட்டில் டிங்கி 1902-இல் பினாங்கில் பதிவானது. உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு டிங்கியும் 1962-இல் அங்கேதான் முதலில் தெரிய வந்தது. இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். காய்ந்த முட்டையும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கோயிலில் உடைத்த தேங்காயின் சிரட்டை, தீபாவளி முடிந்து வாசலில் கிடக்கும் அகல்விளக்கு, துளசிச் சாடியின் அடித்தட்டு: பக்தியோடு வைத்ததைப் பராமரிக்காமல் விட்டால் அதுவே கொசுவுக்குத் தொட்டில். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன் கோயில் வளாகத்தில் பத்து நிமிடம் கோத்தோங் ரோயோங் செய்வோமா? உழவாரப் பணி என்பதும் இதுதானே!

சிந்திக்க

1. டிங்கிக் கிருமிக்கு உயிரணுப் பையின் அமிலம் ஏன் தேவை?
2. "எனக்கு ஏற்கெனவே வந்தாச்சு, இனி பயமில்லை" என்று சொல்லும் நண்பரிடம் என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் வீட்டிலும் கோயிலிலும் நீர் தேங்கும் ஐந்து இடங்களைக் கண்டுபிடித்து, வகுப்புக்கு வரும்போது சொல்லுங்கள்.