நெல்லும் நாணயமும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டை நெற்களஞ்சியம் என்று கூறுவது நெடுநாளாய வழக்கு. குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு எனப் பல பெயர் கொண்டு பிரிந்து செல்லும் அவ்வாறு, செல்லும் இடமெல்லாம் வயல்களை வளம்படுத்தி, எஞ்சிய நீரோடு கடல் புகுகின்றது. குறுவை, சம்பா, தாளடி என்னும் சொற்களை இந்நாட்டுப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னரே அறிவர். இத்தகைய நாட்டிற் பசி எங்ஙனம் நுழைந்தது என்று வினவுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் வரலாற்றை நோக்குவார்க்கு, நெல் விளையும் இடத்திலேயே மாந்தர் பசியால் வாடி மடிந்தமை நன்கு புலனாகும். அதற்குக் காரணம் யாது, அதுபற்றிக் கிறிஸ்து மார்க்கம் நமக்கு உணர்த்துவது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோட்டைக்கு வெளியே நெல்

1780-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தது. அதனைத் தொடர்ந்து தஞ்சை நாடும் பாழாயிற்று. பயிர் அழிந்தது, ஊரார் உயிருக்கு அஞ்சிச் சிதறினர். தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தோரோ பலர். அவர்களுக்கு மட்டுமன்றிக் காவற் படைக்கும் உணவு இல்லாது போயிற்று. சிப்பாய்கள் பசியால் மெலிந்து வீழ்ந்தனர். நாள்தோறும் காலையிலே தெருக்களிற் பிணங்கள் கிடந்தன. இக்கொடுங்காட்சியைத் தம் கண்ணாற் கண்டு எழுதி வைத்தவர், அந்நாளில் தஞ்சையில் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயர் ஆவர். 1726-இல் பிரஷ்ய நாட்டிற் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1798-இல் தஞ்சையிலேயே உயிர் நீத்த அப்பெரியார், தாம் 1794-இல் எழுதிய நீண்ட மடலொன்றில் இதனை விரித்துரைக்கின்றார்.

அம்மடலில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கோட்டைக்குள்ளே மக்கள் மடிந்துகொண்டிருந்த அந்நாளில், கோட்டைக்கு வெளியே போதிய நெல் இருந்தது. அதனைச் சுமந்து வர மாடுகள் இல்லை. மாடுகள் ஏன் இல்லை? முன்னர்க் குடிகள் நெல் கொண்டுவந்தபோது, துபாஷிகள் அவர்களுக்குரிய பணத்தைக் கொடாது பறித்துக்கொண்டனர். ஆதலின் குடிகள் மனம் வெறுத்துத் தம் மாடுகளை ஓட்டிக்கொண்டு அகன்றனர். துளஜா மன்னர் கட்டளையிட்டும் பயனில்லை. இரந்து வேண்டியும் பயனில்லை. தம் சொல்லையும் ஆங்கிலேயர் சொல்லையும் மக்கள் நம்பார் என்பதை மன்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, சுவார்ட்ஸ் ஐயரை நம்புவரோ பார்ப்போம் என்று கருதி, குடிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் அதிகாரத்தை வெற்றுத்தாள் ஒன்றின் வாயிலாக அவருக்கு அளித்தார்.

ஐயர் சுற்றிலுமுள்ள ஊர்களுக்கு ஓலை போக்கினார். ஒவ்வொருவருக்கும் உரிய பணத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் கைப்பற்றும் மாட்டுக்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் பிற கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது நாட்டுப்புறம் சென்றனர். சின்னாளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. எல்லாம் முடிந்தபின் ஐயர் வாக்குத் தவறாது பணம் கொடுத்தார். அதற்காகப் பிறர்க்குரிய பணமும் சிறிது சேர்க்க நேர்ந்ததைத் தாமே ஒளியாது எழுதுகின்றார்.

தமிழிலே நாணயம் என்னும் ஒரு சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் குறிக்கும். அன்று தஞ்சைக் கோட்டையில் முதலாவது நாணயம் இருந்திருக்கலாம். இரண்டாவது நாணயம் அறவே அற்றுப்போயிருந்தது. அதனால் நெல் வெளியே நின்றது; பசி உள்ளே புகுந்தது. ஆமோஸ் தீர்க்கதரிசி தம் காலத்து வணிகரைக் கடிந்துரைத்தபோது, அவர்கள் அளவையைக் குறைத்து ஏழைகளை வஞ்சித்தமையையே பெரும் பாவமாக எடுத்துக் காட்டினார். நம் தமிழ் வேதாகமத்தில் அவ்வளவைக்கு மரக்கால் என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. தஞ்சைக் களத்துமேட்டில் நெல் அளந்த அதே மரக்காலின் பெயரை அவ்விடத்திற் காணும்போது, அக்கடிந்துரை எங்கோ ஒரு தொலைநாட்டார்க்கு உரியது என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் எழுவதில்லை.

இதனை அடுத்து மற்றொன்றும் நிகழ்ந்தது. அரசின் அதிகாரிகள் செய்த கொடுமையைப் பொறாது குடிகள் பெருந்திரளாக நாட்டை விட்டு நீங்கினர். ஆனித் திங்களிலே தொடங்கவேண்டிய உழவு புரட்டாசி வந்தும் தொடங்கப்படவில்லை. அப்போதும் ஐயரே அவர்களுக்கு உறுதி கூறி அழைத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். பருவம் தவறியதே என்று அவர் கவன்றபோது, இரவும் பகலும் உழைத்து அக்குறையைத் தீர்ப்போம் என்று அவர்கள் கூறினராம். காவிரியில் நீர் வந்தால் மட்டும் பயிர் விளையாது, உழுவோன் உள்ளத்தில் நம்பிக்கையும் வரவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மாயூரத்துக் கஞ்சி

நிற்க. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்பர். அக்காலத்தே மாயூரத்தில் வாழ்ந்தவர், பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய வேதநாயகம் பிள்ளை அவர்கள். முன்சீபாய் இருந்து ஓய்வுபெற்ற அக்கிறிஸ்தவப் புலவர், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அவருடைய கொடையைக் கண்டு நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடினார். பாடியவர் சிவபத்தர், பாடப்பெற்றவர் கிறிஸ்தவர். பசித்தோன் முன்னே அவ்வேறுபாடு ஒரு பொருளாகத் தோன்றவில்லை.

இந்த அறம் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலை அமுதசுரபி ஏந்திக் காவிரிப்பூம்பட்டினத்திற் பசிப்பிணி தீர்த்ததையும், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனை வேண்டியதையும் நாம் கற்கின்றோம். ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்தளித்த ஆண்டவரின் வரலாற்றை ஆலயத்திற் கேட்கின்றோம். இவ்விரு வரலாற்றிலும் உண்போரை யார், எவ்வினத்தார் என்று வினவுதல் இல்லை. ஆயினும் நம்மிடம் அமுதசுரபி இல்லை. நம்மிடம் உள்ளது மரக்காலே. அம்மரக்காலை நேர்மையாக அளப்பதே நமக்கு அமைந்த அற்புதமாகும்.

கஞ்சி வார்த்தல் உயிர் காக்கும் பேரறம். ஆனால் அஃது ஒன்றே போதும் என்று அமைதல் தகாது. 1943-ஆம் ஆண்டு வங்கத்திற் பல இலட்சம் மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். அவ்வாண்டின் உணவுப்பொருள் அளவு அதற்கு முந்திய ஆண்டுகளைக் காட்டிலும் பெரிதும் குறைந்திலது என்றும், கூலியாட்கள் முதலிய ஏழைகட்கு அதனை வாங்கும் ஆற்றல் இல்லாமற் போனதே அழிவுக்குக் காரணம் என்றும் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து காட்டினார். சுவார்ட்ஸ் ஐயர் கோட்டை மதிலுக்குள் நின்று கண்ட உண்மையே மற்றொரு வடிவில் ஈண்டு வெளிப்படுகின்றது.

அரைப்படி நெல்

இனிக் கூறப்புகுவது எழுதக் கை நடுங்கும் செய்தி. நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணி, அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். நாற்று நட்டும் களை பறித்தும் கதிர் அறுத்தும் உழைத்த தாழ்த்தப்பட்ட குலத்து மக்கள், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டனர். நிலக்கிழார் அதற்கு இசைந்திலர். பூசல் முற்றியது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, ஒரு குடிசையில் ஒதுங்கியிருந்த பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாய் 44 பேர் தீக்கு இரையாக்கப்பட்டனர். 1973-இல் உயர்நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பெற்ற நிலக்கிழார்களை விடுதலை செய்தது. இதனைக் கருவாகக் கொண்டே இந்திரா பார்த்தசாரதி 1975-இல் குருதிப்புனல் என்னும் நாவலை எழுதினார்.

அந்நாள் எந்நாள் என்பதை நினைமின்! தஞ்சை நாட்டு ஆலயங்களிலெல்லாம் மாட்டுத் தொழுவத்திற் பிறந்த ஏழைப் பாலகனைக் குறித்துப் பாட்டிசைத்த கிறிஸ்து பிறப்பின் திருநாள் அது. பகலிலே ஆலயமணி ஒலித்த அந்நாளின் இரவிலேயே, அரைப்படி நெல்லின்பொருட்டு அதே நாட்டிற் குழந்தைகள் எரிந்தனர். அறுவடை செய்தோரின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகின்றது என்றும், அக்குரல் கர்த்தரின் செவியை எட்டிவிட்டது என்றும் யாக்கோபு தம் நிருபத்திற் கூறுகின்றார். பிறர் குரல் எட்டாத செவியை ஆண்டவர்க்கு உரியதென்று சொல்ல இயலுமோ? அச்செவியை எட்டிய குரல் அவரைத் தொழும் நம் செவியை எட்டாது போவதும் தகுமோ?

1969-இல் வேளாண் தொழிலாளர்க்கு நியாயக்கூலிச் சட்டம் பிறந்தது. 2011 முதல் நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளிலே அரிசி விலையின்றியும் கிடைக்கின்றது. முன்னோர் கண்ட பஞ்சத்தை நாம் காணவில்லை. இதற்கு நன்றி கூறல் நம் கடன். எனினும் உலகை நோக்குமிடத்து, 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசியால் வாடியதாக ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. உலகத்தார் அனைவர்க்கும் போதிய உணவு விளைந்தும் நிலை இதுவே. கோட்டை பெரிதாயிற்று, மதில் இன்னும் இடியவில்லை.

நம் கடமை

தரித்திரர் எக்காலத்தும் நம்மிடத்தில் இருப்பர் என்று ஆண்டவர் கூறினாரே, ஆதலின் வறுமையை ஒழிக்க முயல்வது வீண் என்பார் சிலர். ஆண்டவர் நினைவூட்டியது உபாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை. அங்கே தரித்திரர் இருப்பர் என்னும் சொல்லை அடுத்து வருவது, ஆதலால் உன் கையைத் திறந்து கொடு என்னும் கருத்துடைய கட்டளை. முற்பாதியைப் படித்துப் பிற்பாதியை மூடிவைத்தல் மரக்காலைக் குறைத்தலே போலும்.

எம் இல்லத்திலே பாட்டியார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவார். ஞாயிறுதோறும் அப்பிடியரிசி ஆலயத்திற்குச் செல்லும். அவர் நாற்று நட்டுக் கூலி பெற்று வாழ்ந்தவர். சிறுவனாய் இருந்த யான், நமக்கே போதாத அரிசியை ஏன் கொடுக்கவேண்டும் என்று ஒருநாள் வினவினேன். அதற்கு அவர், ‘நாம் சோறு கேட்கும் ஜெபத்தில் எனக்கு என்றா கேட்கிறோம்? எங்களுக்கு என்றல்லவா கேட்கிறோம்’ என்றார். வேதசாத்திரம் கல்லாத அம்மூதாட்டியின் விடையைக் காட்டிலும் தெளிவான உரையை யான் எந்நூலிலும் இதுவரை கண்டிலேன்.

மாணவ நண்பர்களே! அறுப்பின் பண்டிகையன்று பீடத்தின் முன் நெற்கதிர்களைக் குவித்து மகிழ்கின்றோம். அக்கதிரை அறுத்த கைக்கு உரிய கூலி சென்றதா என்று அன்று ஒருகணம் எண்ணுவோமாக. நம்முள் நாளை அதிகாரிகளாகவும் வணிகராகவும் நிலமுடையோராகவும் ஆவோர் பலர். அப்போது நம் கையொப்பத்தை நம்பி ஒரு குடியானவன் தன் மாட்டை அவிழ்த்து வருவானாயின், அதுவே நாம் கற்ற கல்வியின் பயன். பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்போம்; அளக்குங்கால் நிறைய அளப்போம்; உழைத்தோர்க்கு அந்நாட் கூலியை அந்நாளே ஈவோம். இம்மூன்றும் வாய்க்குமாயின், அன்றன்றுள்ள அப்பத்திற்காக நாம் செய்யும் ஜெபம் பொய்யாகாது.