வேலையை விட்டு நர்சிங்கா? ஃபீஸுக்கு முன்னால் சம்பளத்தை எண்ணுங்கள்

ஹைடெக் சிட்டியில் மெடிக்கல் கோடிங், கச்சிபௌலியில் கஸ்டமர் சப்போர்ட். சில வருடம் ஓடியதும் ஒரு பயம் பிடித்துக்கொள்கிறது: ‘ஏஐ வந்தால் என் டீமில் பாதிப் பேர் காலி, நர்சிங் படித்தால் யாராலும் தூக்க முடியாது.’ இந்த யோசனையில் தப்பில்லை, போடும் கணக்குதான் தப்பு. கல்லூரி பிரோஷரில் உள்ள ஆண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்கி, ‘லோன் போட்டால் ஆச்சு’ என்று கிளம்பிவிடுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. வாங்காமல் விடும் சம்பளம்தான் பெரிய செலவு.

இன்று கைக்கு வருவது மாதம் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4.2 லட்சம். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஆக 16.8 லட்சம் போச்சு. இதில் இன்கிரிமென்ட்டைச் சேர்க்கவில்லை. ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், தேர்வுக் கட்டணம், கிளினிக்கல் போஸ்டிங்குக்குப் போய்வரும் செலவு எல்லாம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் என்றால் இன்னொரு 6 லட்சம். மொத்தம் 22.8 லட்சம். அதில் கல்லூரிக்காகச் செலவாவது நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் மேல் பாருங்கள். என் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்களைப் போடுங்கள்.

‘நைட் ஷிஃப்டில் பிராசஸ், பகலில் காலேஜ்’ என்று ஒரு பிளான் பலரிடம் இருக்கும். நடக்காது. தியரிக்கும் பிராக்டிகலுக்கும் 80 சதவீத அட்டெண்டன்ஸ் இருந்தால்தான் தேர்வு எழுதலாம். பட்டம் கையில் வருவதற்குள் கிளினிக்கல் போஸ்டிங் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இது இந்தியன் நர்சிங் கவுன்சில் விதி. கடைசி செமஸ்டரில் 22 வாரம் வார்டிலேயே இன்டர்ன்ஷிப். மாலை நேர பி.எஸ்சி. நர்சிங்கும் கிடையாது, தபால் வழியும் கிடையாது.

அமெரிக்காவில் வேறு பட்டம் வைத்திருப்பவர் 12 முதல் 18 மாதத்தில் நர்சிங் டிகிரி முடிக்கத் தனி கோர்ஸ் இருக்கிறது. யூடியூபில் பார்க்கும் ‘நான் 30 வயதில் நர்ஸ் ஆனேன்’ வீடியோக்கள் பெரும்பாலும் அந்த ஊர்க் கதை. இங்கே நீங்கள் பி.டெக். ஆனாலும் எம்.பி.ஏ. ஆனாலும் 18 வயதுப் பிள்ளைகளோடு முதல் ஆண்டு அனாடமி பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

2. உங்கள் இன்டர் குரூப் என்ன?

பைபிசி படித்து, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்தில் மொத்தம் 45 சதவீதம் இருந்தால் பி.எஸ்சி. திறந்திருக்கிறது. தெலங்கானாவில் கன்வீனர் கோட்டா சீட்டுக்கு ஈஏபிசெட் ரேங்க் வேண்டும். வாரங்கலில் உள்ள காளோஜி நாராயண ராவ் சுகாதாரப் பல்கலைக்கழகம் கவுன்சலிங் நடத்துகிறது. எம்பிசி, சிஇசி படித்தவர்களுக்கு ஜிஎன்எம் டிப்ளமோ. மூன்று ஆண்டு, 40 சதவீதம் போதும். இரண்டுக்கும் சேரும்போது வயது 35-ஐத் தாண்டக்கூடாது.

ஜிஎன்எம் என்றால் இரண்டாம் தரம் என்று ஒதுக்காதீர்கள். ஒரு ஆண்டுச் சம்பளம் மிச்சம். வேலையில் இருந்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு ஆண்டில் முடிக்கலாம்.

செகந்திராபாத் மாரேட்பல்லியிலோ மெட்டுகூடாவிலோ பிறந்து அங்கேயே படித்தவர் லோக்கல் கேண்டிடேட். வேலைக்காக வந்து செட்டிலானவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் மேனேஜ்மென்ட் சீட், அதன் விலை வேறு. தமிழ்நாட்டு நேட்டிவிட்டி இருந்தால், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அங்கே நடக்கும் கவுன்சலிங்கையும் ஒரு கை பாருங்கள்.

3. முடிக்கும்போது உங்கள் வயது என்ன?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கான நார்செட் தேர்வில் பொதுப் பிரிவுக்கு வழக்கமான உச்ச வயது 30. ஓபிசிக்கு மூன்று ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து ஆண்டு தளர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். பீபீநகர் எய்ம்ஸ் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் 27 வயதில் பி.எஸ்சி. சேரும் பொதுப் பிரிவினர் படிப்பை முடிக்கும்போது அந்த வாசல் சாத்தியிருக்கும். ஜிஎன்எம் என்றால் அதற்கு மேல் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். ஆண்களுக்கு இன்னொரு விஷயம்: நார்செட் இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு.

மாநில அரசு வேலையில் வயது இவ்வளவு இறுக்கமில்லை. 2024 ஜனவரி 31 அன்று எல்.பி. ஸ்டேடியத்தில் 6,956 ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் 2,050 இடங்களுக்கு அடுத்த அறிவிப்பு வந்தது. வயது வரம்பு 46, சம்பள விகிதம் 36,750-ல் தொடக்கம். ரயில்வேயின் 2025 அறிவிப்பில் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு 40 வரை.

4. போட்டது எப்படித் திரும்பி வரும்?

தனியார் மருத்துவமனையை மட்டும் நம்பினால் வராது. புதிதாகச் சேரும் நர்ஸுக்குப் பல இடங்களில் 20,000-ஐச் சுற்றித்தான் சம்பளம். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000-க்குக் குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. 35,000-ஐ விட்டுவிட்டு 20,000-க்குப் போக நான்கு ஆண்டும் 22.8 லட்சமும் செலவழிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே சேருவதற்கு முன்பே இலக்கைச் சொல்லிக்கொள்ளுங்கள்: அரசு வேலையா, வெளிநாடா? வெளிநாடு என்றால் மொழித் தேர்வு, லைசென்ஸ் தேர்வு செலவையும் இன்றே கணக்கில் ஏற்றுங்கள். அமெரிக்காவுக்கான என்கிளெக்ஸ் தேர்வை ஹைதராபாத்திலேயே எழுதலாம். ஆனால் இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் 7, ரைட்டிங்கில் 6.5, அல்லது ஓஇடி.

வயது 20-களில் இருந்து, கையில் பெரிய சேமிப்பு இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று வழி: ஜெர்மனியின் மூன்றாண்டு நர்சிங் ஆஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி). படிக்கும்போதே மாதம் 1,000 யூரோவுக்கு மேல் உதவித்தொகை. ஜெர்மன் மொழியை பி1, பி2 வரை கற்க முதலில் பணமும் உழைப்பும் போட வேண்டும். தெலங்கானா அரசின் டாம்காம் நிறுவனம் ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் திட்டங்களை நடத்துகிறது. ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் அங்கே விசாரியுங்கள்.

5. வார்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தெரிந்த சிஸ்டர் யாரையாவது பிடித்து, அனுமதி வாங்கி, காலை டியூட்டி மாறும் நேரத்தில் ஒரு வார்டில் ஓரமாக நில்லுங்கள். நைட் முடித்தவர் ஒவ்வொரு கட்டிலாக ஒப்படைப்பார்: எத்தனை மில்லி சலைன் ஏறியது, எவ்வளவு சிறுநீர் போனது, எந்தக் கையில் கேனுலா, எந்த ஊசி பாக்கி. நடுவில் ஒரு அட்டெண்டர் தெலுங்கில் கத்துவார், இன்னொருவர் உருதுவில் கெஞ்சுவார். பெட்பேனும் வரும், வாந்தியும் வரும். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறதா, கை பரபரக்கிறதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

6. கல்லூரியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்.

இந்தியன் நர்சிங் கவுன்சில் பட்டியலிலும் பல்கலைக்கழக இணைப்புப் பட்டியலிலும் கல்லூரியின் பெயர் இருக்கிறதா? சொந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது? நேரில் போய்ப் பாருங்கள். காலி வார்டில் எதைக் கற்பீர்கள்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்துவைப்பார்களா, படிப்புக்குப் பின் பாண்ட் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘ஒரே வருடத்தில் நர்ஸ்’ என்ற போஸ்டரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். அதை வைத்து ஸ்டாஃப் நர்ஸாக ரிஜிஸ்டர் செய்ய முடியாது.

7. பழைய வேலையை ரெஸ்யூமில் மறைக்காதீர்கள்.

கோடிங் தெரிந்த நர்ஸுக்கு இன்ஷூரன்ஸ் டெஸ்க்கும் என்ஏபிஎச் குவாலிட்டி டீமும் தூரமில்லை. கஸ்டமர் சப்போர்ட்டில் திட்டு வாங்கிப் பழகியவர் கோபமான அட்டெண்டரைச் சமாளிப்பார். தமிழ், தெலுங்கு, ஹிந்தி, ஆங்கிலம் நான்கும் பேசினால் முதல் வரியிலேயே போடுங்கள். ‘ஏன் மாறினீர்கள்?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் சேவை மனப்பான்மை என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். வார்டில் நின்று பார்த்ததைச் சொல்லுங்கள்.

8. ராஜினாமாவுக்கும் நேரம் பார்க்க வேண்டும்.

சீட் அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வரும் முன் பேப்பர் போடாதீர்கள். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால் மேனேஜரிடம் பேச்சை முன்கூட்டியே தொடங்குங்கள். ஐந்தாண்டு நிறைய சில மாதம்தான் பாக்கி என்றால் பொறுத்திருந்து கிராஜுவிட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் வரி பிடிப்பார்கள். கம்பெனியின் குரூப் மெடிக்ளெய்ம் வேலையோடு போய்விடும். அப்பா அம்மா அதில் இருந்தால் தனி பாலிசிக்கான பிரீமியத்தையும் அந்த 22.8 லட்சத்தோடு சேருங்கள். கல்விக் கடன் வாங்கினால் படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள், பல வங்கிகள் அதற்கு ஒரு சதவீதம் குறைக்கின்றன. கட்டும் வட்டிக்கு 80இ பிரிவில் வரிக் கழிவும் உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.